எண்டர் மட்டும் தட்டுகிறவளுக்கு

மூட்டையக்கா பல் குத்தும் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, மடிக்கணினியின் விசைகளுக்கு நடுவே காய்ந்துகிடந்த ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதனால் முழங்கையால் கணினியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தாள். ரத்தம் தங்கச்சியுடையது, இரண்டு நாள் பழையது. ஸ்பிரிட் பட்டதும் மறுபடியும் சிவந்து பஞ்சில் ஏறியது.

"அதைத் தூக்கிப் போட்டுத் தொலையேன்" என்றாள் தங்கச்சி கட்டிலிலிருந்து. கீழுதட்டில் நாலு தையல். உதட்டை அசைக்காமல் பேசப் பழகியிருந்தாள்.

"எதுக்கு? எல்லாம் வேலை செய்யுது. எண்டர் விசை மட்டும் ஒட்டுது."

"என் பல்லும்தான் ஒண்ணு ஆடுது. என்னையும் வச்சிக்கப் போறியா?"

"உன்னைத் தூக்கிப் போட முடியாது. கனம்."

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டாள். அவளுடைய வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, விரல் நுனி மட்டும் தெரிய மாவுக்கட்டு. அந்த நுனிகள் நீலம் பாரித்திருக்கின்றனவா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று அக்கா மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டாள். அன்பு காட்டியது போதும், விரலைக் காட்டு என்பதுதான் அவள் சுபாவம்.

மூட்டையக்கா என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, குரல் கொஞ்சம் கட்டை. இளம் வயதில் ஒரு பெரிய மருத்துவமனையின் சாமான் கிடங்கில் பத்து வருஷம் இருந்தாள். பிரசவத்துக்கு ஒன்று, தீக்காயத்துக்கு ஒன்று, விபத்துக்கு ஒன்று என்று பொருள்களை அடுக்கி, துணியில் சுற்றி, கொதிநீராவியில் வேகவைத்து அனுப்புவது வேலை. அதன்பிறகு தானாகவே கணினி கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தாள். இதுவும் மூட்டை கட்டுவதுதான். எங்கெங்கோ இருக்கிற ஆள்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூலநிரலோடு விட்டுவைக்கும் மென்பொருளை எடுப்பாள். பிரித்துப் பார்ப்பாள், சோதிப்பாள், ஒரு விசையைத் தட்டினால் கணினியில் இறங்கும்படி பொதியாகக் கட்டுவாள். அவள் கட்டிய முப்பத்தொரு பொதிகள் லட்சம் வீடுகளில் இருந்தன.

ஒவ்வொரு மென்பொருளிலும் ஐம்பது அறுபது அமைப்புகள் இருக்கும். இது இருக்கட்டுமா வேண்டாமா, அது திறந்திருக்கட்டுமா மூடியிருக்கட்டுமா என்று. யாரும் தொடாவிட்டால் எது எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்கிற அதிகாரம் பொதி கட்டுகிறவளுக்கு உண்டு. அந்த அதிகாரத்தை மூட்டையக்கா ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "சமைச்சவன் உப்பு போட்டிருக்கான், பரிமாறுறவ ஏன் கை வைக்கணும்" என்பாள். ஒவ்வொரு பொதியின் குறிப்பேட்டிலும் முதல் வரியாக எழுதி வைப்பாள்: மூலத்தில் உள்ளபடியே.

தங்கச்சி புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் உச்சியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற ஆள். கையில் பலம் அதிகம், வாயில் சத்தம் கிடையாது. பார்க்கிறவர்கள் எல்லாரும் தங்கமான பிள்ளை என்பார்கள். அந்தத் தங்கம் எட்டு வருஷத்தில் தங்கச்சியின் விலா எலும்பை ஒரு முறையும், செவிப்பறையை ஒரு முறையும் உடைத்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவன் வேலைக்குப் போன நேரத்தில் அவள் மடிக்கணினியையும் ஒரு பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அக்காவின் வீட்டுக்கு வந்தால் முதலில் அங்கேதான் தேடுவான். அதனால் ஊரின் மறு கோடியில், ஒரு லாண்டரிக் கடையின் பின்பக்க அறையை அக்கா பிடித்துக் கொடுத்தாள். அந்த முகவரி அக்காவுக்கும் லாண்டரியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்படியும் அவன் வந்தான்.

இரண்டு நாளுக்கு முன், பட்டப்பகலில். அக்கா அங்கே இருந்தாள். தங்கச்சி கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டிய சத்தம்கூட மரியாதையாக இருந்தது. அக்கா கொஞ்சம் திறந்து பார்த்தாள். வேலைச் சட்டையில் நின்றான், கையில் அரை முழ நீளத்துக்கு ஸ்பானர்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. உங்களை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அவள் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவன் தோளால் மோதித் திறந்து உள்ளே வந்து, நிலைப்படியைப் பிடித்திருந்த அவள் கைமேல் கதவை ஓங்கி அடித்தான். முட்டை ஓடு நொறுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். வலி பிறகுதான் வந்தது. அதற்குள் அவன் கட்டிலருகே போய்விட்டான்.

முதல் அடி தலைக்கு வந்தது. தங்கச்சி கையைக் குறுக்கே கொடுத்தாள், கை முறிந்தது. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் புதிதாக ஒரு மூட்டு முளைத்ததுபோல் தொங்கியது. இரண்டாவது அடி வாயில். கணினிமேல் குப்புற விழுந்தாள். அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைத் தூக்கி, "வீட்டுக்குப் போலாம் வா" என்றான். திட்டவில்லை. அழைக்கிற குரலில்தான் சொன்னான். அக்கா அவன் முதுகில் தொற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் கழுத்தை இறுக்கினாள். அவன் பின்பக்கமாகச் சுவரில் மோதி அவளை உதறினான்.

அந்த நேரத்தில்தான் லாண்டரியம்மா வந்தார். முப்பது வருஷமாக இஸ்திரி போட்ட கை. வயரைப் பிடுங்கிக்கொண்டு வந்த கனமான இஸ்திரிப்பெட்டியை அவன் இடது தோள்பட்டையில் வைத்து, காலர் மடிப்பைப் படிய வைப்பதுபோல் முழு பலத்தோடு அழுத்தினார். சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. அறை முழுக்கக் கருகிய வாடை. அவன் அப்போதுதான் முதல் தடவையாகக் கத்தினான். ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டே வெளியே ஓடினான்.

மருத்துவமனையில் எழுதிக்கொண்டார்கள், காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆள் வீட்டில் இல்லை, எங்கே என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்கள். லாண்டரியம்மா இரண்டு பேரையும் தன் சொந்த வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். கடையிலிருந்து மூன்று தெரு தள்ளி.

இரண்டு நாளாக அந்த அறையில் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது. அவனுக்கு யார் சொன்னது?

"நீ யார்கிட்டயாவது வாய விட்டியா?" என்று தங்கச்சி இப்போது மறுபடி ஆரம்பித்தாள்.

"எனக்கு அதுதான் வேலையா?"

"உன் ஆபீஸ்ல? உன் வேலையைச் சரிபார்க்கிற அந்த வாத்தியார்கிட்ட?"

"அவருக்கு நான் எந்தத் தெருவுல இருக்கேன்னே தெரியாது. ஏழு வருஷமா திரையில கழுத்துக்கு மேலதான் பாத்திருக்காரு."

"அப்ப இந்தம்மாதான்."

"இஸ்திரிப்பெட்டிய வச்சு அவனைச் சுட்ட பொம்பளை அவனுக்கே முகவரி சொல்லுவாளா? பேசுறதை யோசிச்சுப் பேசு."

பேசிக்கொண்டே கணினியை முடுக்கினாள். கடைசி விசை வரை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினி விழித்தது, வீட்டு வைஃபையைப் பிடித்தது. கடவுச்சொல்லை லாண்டரியம்மா நேற்றே போட்டுக் கொடுத்திருந்தார். மூலையில் ஒரு பச்சைக் குறி எழுந்தது. அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த குறி. வீட்டில் இருக்கிற போன், கணினி எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்து, போனில் எடுத்த படம் கணினிக்கு வரும்படி செய்கிற மென்பொருள். அவள் கட்டிய முப்பத்தொன்றில் ஒன்று.

"இதை எப்ப போட்ட?"

"நீதானே சொன்ன? போன வாரம் கணினியை மொத்தமா அழிச்சிட்டு புதுசாப் போட்டோம்ல, அப்ப. பென்டிரைவ்ல இருக்கிற போட்டோவைத் திறக்க இது வேணும்னு. என் காயத்தையெல்லாம் எடுத்து வச்சிருந்தேனே, வக்கீலுக்குக் காட்ட. பழைய சாவியைக் கேட்டுச்சு, அதான் வீட்டுக் கருவியெல்லாம் சேர்க்கிற அந்தக் கடவுச்சொல்லு, கொடுத்தேன். அப்புறம் என்னென்னமோ கேட்டுச்சு. நீ என்ன சொன்ன? 'நான் கட்டினதுதான், எதையும் தொடாத, எண்டர் மட்டும் தட்டிட்டே போ'ன்னு."

அக்கா குறியைத் திறந்தாள். வரைபடம் விரிந்தது. பழைய சாவியைக் கொடுத்ததால் கணினி பழைய வீட்டுக் கருவிகளின் குடும்பத்தோடு மறுபடி சேர்ந்திருந்தது. சேர்ந்த நிமிஷமே, தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காக, தான் இருக்கும் இடத்தைக் குடும்பத்தில் இருக்கிற எல்லாக் கருவிகளுக்கும் சொல்லத் தொடங்கியிருந்தது. யாரும் தொடாவிட்டால் அது அப்படித்தான் செய்யும். மூலத்தில் உள்ளபடியே.

வரைபடத்தில் இரண்டு புள்ளிகள். ஒன்று அவர்கள் உட்கார்ந்திருந்த அறை. இன்னொன்றின் பக்கத்தில் 'பழைய போன்' என்றிருந்தது. அவன் வீட்டு அலமாரியில் தங்கச்சி விட்டு வந்த போன்.

எட்டு மாதத்துக்கு முன் முகம் தெரியாத ஒரு பெண் அவளுக்கு இரண்டு வரி எழுதியிருந்தாள். 'உங்கள் பொதியைப் போட்டதும் நான் இருக்கும் இடம் என் முன்னாள் கணவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த அமைப்பை வேண்டாம் என்று வைத்து அனுப்ப முடியுமா?' அக்கா பதில் எழுதினாள்: 'மூலத்தில் உள்ளபடி. தேவையில்லை என்றால் அமைப்புகளுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.' எழுதிவிட்டு, முடிந்தது என்று குறியிட்டு, டீ குடிக்கப் போனாள். அந்த டீ வரைக்கும் இப்போது நினைவுக்கு வந்தது.

"நான்தான்டி சொன்னது" என்றாள்.

"என்ன?"

"அவன்கிட்ட. நான்தான் சொல்லியிருக்கேன்."

தங்கச்சி எதுவும் சொல்வதற்குள் இரண்டாவது புள்ளி நகர்ந்தது. அது வீட்டில் இல்லை, பாலத்தின்மேல் இருந்தது. இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

லாண்டரியம்மா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "அணைச்சுத் தொலைம்மா அதை."

"அணைச்சா இங்கதான் கடைசியா இருந்துச்சுன்னு அவன் போன்ல நிக்கும். நேரா கதவுக்கு வருவான்." அக்கா அதற்குள் காவல் நிலையத்தைப் போனில் பிடித்திருந்தாள். வண்டி வெளியே போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம், கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் கதவைப் பார்த்தாள். ஒற்றைத் தாழ்ப்பாள் போட்ட பலகைக் கதவு.

"நிலையம் எவ்வளவு தூரம்மா?"

"நடந்தா பத்து நிமிஷம். கடைத்தெரு வழியா."

"பென்டிரைவ் உன்கிட்டதானே இருக்கு?" தங்கச்சி தலையசைத்தாள். அக்கா தன் போனின் இணையத்தைக் கணினியோடு கோர்த்தாள், மூடினாலும் தூங்காதபடி ஒரு அமைப்பை மாற்றினாள், மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நான் போனதும் பின்பக்கமா மாடிக்குப் போயிடுங்க. புள்ளி என்கூட நகரும், அவன் என் பின்னாடிதான் வருவான்."

"அக்கா, வேணாம்."

"நான் செஞ்ச மூட்டைதானே. நானே தூக்கிட்டுப் போறேன்."

வெயில் சாய்ந்த நேரம், கடைத்தெருவில் நல்ல கூட்டம். ஓடினால் விரல் துடித்தது, அதனால் வேகமாக நடந்தாள். இரும்புக் கடை, கண்ணாடிக் கடை, பூட்டிக்கிடந்த ஒரு மருந்துக் கடை. நிலையத்தின் விளக்குக் கம்பம் கண்ணில் பட்டபோது பின்னால் மோட்டார்பைக் சத்தம் அணைந்தது. அவன் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவளைக் கண்டதும் அதைச் சட்டைப் பையில் போட்டான்.

"அவ எங்க அக்கா?"

அவள் விளக்குக் கம்பத்தைப் பார்த்து நடந்தாள். ஸ்பானர் இடது தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. திரும்பினாள். கணினியை ஒரு கையால் முனையைப் பிடித்துத் தூக்கி, அதன் விளிம்பால் அவன் மூக்கில் வெட்டினாள். மூக்குத் தண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. ரத்தம் மூக்கிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து சட்டைக்கு வழிந்தது. இன்னொரு தடவை ஓங்கினாள். திரை கழன்று பறந்தது. அவன் அவளைக் கீழே தள்ளி உதைத்தான். பூட்ஸ் போட்ட கால், ஒரே இடத்தில் மூன்று முறை. மூன்றாவது உதைக்கு உள்ளே ஏதோ மளுக்கென்றது. மூச்சு பாதியிலேயே நின்றது.

சுற்றிலும் ஆள்கள் நின்றார்கள். நாலைந்து பேர் போனில் படம் பிடித்தார்கள். இரும்புக் கடைக்காரர் "ஏய், ஏய்" என்று மட்டும் சொன்னார்.

"எங்கன்னு சொல்லுங்க அக்கா. சொன்னா போயிடுறேன்." குனிந்து அவள் தலைமுடியைப் பிடித்தான். தங்கச்சியைப் பிடித்த அதே பிடி. முகம் முகத்தருகே வந்தது. அவளுக்கு அவனுடைய இடது தோள் எட்டியது. சட்டைக்கு அடியில் பஞ்சுக்கட்டு தட்டுப்பட்டது. எங்கே கொப்புளம், எங்கே தோலில்லாத சதை என்று கையாலேயே தேடி, ஐந்து விரலையும் உள்ளே பதித்துப் பிழிந்தாள். நகம் இறங்கியது. ஈரமாக ஏதோ விரலிடுக்கில் வழிந்தது. அவன் கால்கள் மடங்கின. அவன் அலறியபடி அவள் முகத்தில் குத்தினான், ஒன்று, இரண்டு, கண் மூடிக்கொண்டது. அவள் விடவில்லை. விட்டால் அடுத்து தங்கச்சி.

சாமான் வண்டி ஓட்டுகிற பெருத்த ஆள் ஒருவர் கடைசியில் மனசு வந்து, ஓடி வந்து அவன் முதுகில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இன்னும் மூன்று பேருக்கு வீரம் வந்தது. அலறலைக் கேட்டு நிலையத்திலிருந்து காவலர் ஓடி வந்தார்.

"இந்தாளு எங்கன்னு தெரிஞ்சா சொல்லச் சொன்னீங்க" என்றாள் மூட்டையக்கா தரையில் கிடந்தபடி. "இங்கதான் இருக்கான்."

காவலர் அவன் சட்டைப் பையிலிருந்து விழுந்த போனை எடுத்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. வரைபடத்தில் இரண்டு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் லாண்டரியின் பில் போடும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையில் படுக்கச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். விலாவில் இரண்டு முறிவு. விலாவுக்குக் கட்டுப் போடுவதில்லை. தலையணையை அணைத்துக்கொண்டு ஆழமாக மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் சளி கட்டி நெஞ்சில் போய் நிற்கும். தோளுக்குத் தூளி. ஒரு கண் திறக்கவில்லை. இன்னொரு கண்ணாலும் வலது கை விரல்களாலும் தட்டினாள். அந்த நகங்களுக்குள் அவனுடைய தோல் இருந்தது. காவல் நிலையத்தில் எடுத்தது போக மீதியைக் காலையில் பிரஷ் போட்டுக் கழுவியிருந்தாள்.

புது வெளியீடு மதியம் பூட்டப்படும், பிறகு எந்த மாற்றமும் அதில் சேராது. அதற்குப் பொறுப்பு வாத்தியார். குழுவில் எல்லாரையும் திருத்துவதால் அந்தப் பெயர். அவரைப் போனில் கூப்பிட்டாள். கேமராவைப் போடவில்லை.

"இப்ப போய் டீஃபால்ட்ட மாத்துறதா? மூட்டை, நீயா பேசுற? உன் கொள்கை என்னாச்சு?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"தொலைஞ்ச போனைக் கண்டுபிடிக்க முடியலன்னு நாளைக்கு நூறு பேர் திட்டுவாங்களே."

"திட்டட்டும். திட்டுறதுக்கு உயிரோட இருக்காங்க இல்ல? வேணும்னா அவங்களே போய்த் திறந்துக்கட்டும்."

"சரி, புதுசாப் போடுறவங்களுக்கு மாத்து. ஏற்கெனவே போட்டவங்க அமைப்பில கை வைக்கக் கூடாது, விதி இருக்கு."

"அவங்களா யோசிச்சு 'ஆம்'னு வச்சிருந்தா நான் தொட மாட்டேன். யாரும் கேக்காமலே 'ஆம்'னு கிடக்குது பாருங்க, அது அவங்க அமைப்பில்ல. அது என்னோடது. அதை நான் மூடுவேன்."

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

"வாய் வீங்கியிருக்கு. பதினொண்ணுக்குள்ள அனுப்புறேன், பூட்டிடாதீங்க."

வேலை பெரிதில்லை. 'ஆம்' என்று இருந்ததை 'இல்லை' என்று மாற்றினாள். பழைய சாவியைக் கொடுத்தால், அந்தக் குடும்பத்தில் இப்போது யார் யாருடைய கருவி இருக்கிறது என்று முதலில் பட்டியல் காட்டும்படி செய்தாள். 'நீங்கள் இருக்கும் இடம் இவர்கள் எல்லாருக்கும் தெரியட்டுமா?' என்று ஒரு கேள்வி வைத்தாள். பதில் சொல்லாமல் தாண்டினால் தெரியாது. குறிப்பேட்டின் முதல் வரியை அழித்தாள். கிடங்கில் தீக்காய மூட்டை கட்டுகிறபோது, பிரிக்கிறவள் பதற்றத்தில் இருப்பாள், எதையும் படிக்க மாட்டாள், கைக்கு முதலில் வருவது அவளைக் காயப்படுத்தக் கூடாது என்று கத்தரிக்கோலை முனை உள்ளே பார்க்க அடியில் வைப்பது வழக்கம். பத்து வருஷம் அப்படி வைத்த கை.

பிறகு எட்டு மாதத்துக்கு முன் மூடிய கடிதத்தைத் திறந்தாள். 'நீங்கள் சொன்னது சரி. மாற்றிவிட்டேன். தாமதம் என் தவறு. நலமாக இருக்கிறீர்களா?' என்று எழுதினாள். பதில் வரவில்லை.

"வா இங்க" என்று தங்கச்சியைக் கூப்பிட்டாள். "உக்காரு. இதை இறக்கு, புதுசா."

"எனக்கு இடது கைதான் இருக்கு."

"அது போதும். எதையும் படிக்காத. எண்டர் மட்டும் தட்டிட்டே போ."

"மறுபடியுமா?"

"மறுபடிதான்."

தங்கச்சி பென்டிரைவைச் செருகினாள். பழைய சாவியைக் கொடுத்தாள். இடது ஆள்காட்டி விரலால் தட்டினாள். கேள்வி வந்தது, பார்க்காமல் தட்டினாள். இன்னொன்று வந்தது, தட்டினாள். காயத்தின் படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. விலா, காது, கழுத்து. அக்கா குனிந்து வரைபடத்தைத் திறந்தாள். தெருக்கள் இருந்தன, பாலம் இருந்தது. புள்ளி இல்லை.

லாண்டரியம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "வேலை செய்யலையே" என்றார்.

"செய்யுதும்மா" என்றாள் மூட்டையக்கா. பத்தே முக்காலுக்குப் பொதியை அனுப்பினாள். தலையணையை விலாவோடு அமுக்கிக்கொண்டு ஒரு தடவை இருமினாள், கண்ணில் நீர் வந்தது, துடைத்தாள். மீதி முப்பதின் பட்டியலைத் திறந்து, முதல் பொதியின் முதல் அமைப்பிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.